வான் பாயும் வேளை: குளக்கட்டின் கீழ் வாழ்ந்தோர் சரித்திரம்

இலங்கைச் சரித்திரம் கற்கும் மாணவன் ஒருவனை அழைத்து, "மின்னேரிக் குளத்தைக் கட்டுவித்தவன் யார்?" என்று வினவினால், "மகாசேனன்" என்று தட்டாமல் விடை சொல்வான். கலாவாவி என்றால் தாதுசேனன் என்பான். பராக்கிரம சமுத்திரம் என்றால் முதலாம் பராக்கிரமபாகு என்பான். பரீட்சைக்கு அது போதும். ஆனால், "அக்குளங்களின் கீழே வாழ்ந்தவர் யாவர்? குளம் நிறைந்து வான் பாய்ந்த இரவுகளில் அவர்கள் என் செய்தனர்?" என்று வினவினால், மாணவன் மட்டுமன்று, ஆசிரியரும் வாய்மூடி நிற்கவே நேரும். கட்டுவித்தவன் பெயரைச் சாசனமும் வமிசகதைகளும் காத்து வைத்தன. கட்டின் கீழ் வாழ்ந்தவன் பெயரை ஒருவரும் எழுதி வைக்கவில்லை.

தாதுசேனனிடம், ஒளித்து வைத்த திரவியம் எங்கே என்று அவன் மகன் காசியப்பன் கேட்டபோது, தாதுசேனன் கலாவாவிக்குச் சென்று அந்நீரைக் கையில் அள்ளிக் காட்டி, தன் செல்வம் இதுவே என்றான் என்பது நாம் பாலபாடத்திற் படித்த கதை. குளத்து நீர் செல்வம் என்பதில் ஐயமில்லை. ஆயின் அச்செல்வத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. அம்முகத்தைக் கண்டவர்கள் கட்டின் கீழே குடியிருந்தவர்களே. அவர்களுடைய சரித்திரத்தைச் சிறிதேனும் எடுத்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வானும் துருசும்

நமது நாட்டின் வரண்ட பிரதேசம் முழுவதும் ஒரு காலத்து மழையை நம்பி வாழ்வது. ஐப்பசி முதல் தை வரை வாடைக்காற்றோடு வருகின்ற மழையே வடக்குக்கும் கிழக்குக்கும் பெருமழை. எஞ்சிய மாதங்களிற் பெய்வது சொற்பம். ஆகவே நான்கு மாதத்து நீரைத் தேக்கிப் பன்னிரண்டு மாதம் உண்ணவேண்டிய தேவை பண்டைக்காலத்திலேயே எழுந்தது. அதற்காக எழுந்தவையே குளங்கள்.

குளம் ஒன்றுக்கு மூன்று உறுப்புக்கள் முக்கியமானவை. நீரை மறிக்கின்ற கட்டு ஒன்று. வயலுக்கு வேண்டிய நீரை அளவாகத் திறந்துவிடும் துருசு மற்றொன்று. மிஞ்சிய நீர் தானாகவே வழிந்தோட விட்டிருக்கும் வான் மூன்றாவது. துருசின் அமைப்பைப் பற்றி மேல்நாட்டு அறிஞரும் வியந்து எழுதியுள்ளனர். ஹென்றி பார்க்கர் என்னும் ஆங்கிலேய எஞ்சினியர் 1909ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலிலே, குளத்துள் நீரின் வேகத்தை அடக்கி வெளியே விடுவதற்காகக் கல்லாற் கட்டப்பட்ட சதுரக் கிணறுகளை ஆராய்ந்து, பண்டைய சிற்பிகள் நீரடக்கும் கலையில் எவ்வளவு முன்னேறியிருந்தனர் என்பதை விளக்கியுள்ளார்.

ஆயினும், துருசைப் புகழ்ந்தவர்கள் வானை அவ்வளவாகப் புகழவில்லை. உண்மையில் குளத்தின் உயிர் வானிலேயே இருக்கின்றது. நமது பழைய குளங்களின் கட்டுக்கள் மண்ணாலானவை. மண்கட்டின் மேல் நீர் ஏறிப் பாயத் தொடங்கினால் அது கரைந்துபோக அதிக நேரம் செல்லாது. ஓரிடத்திற் சிறு வெட்டு விழுந்தால் போதும். அவ்வெட்டு அகன்று, ஆழ்ந்து, முழுக் குளமும் அவ்வழியே வெளியேறிவிடும். ஆகவே நீர் கட்டின் தலையை எட்டுமுன் அதற்கு வேறு வழி விடவேண்டும். பழைய குளங்களில் அவ்வழி தானாகத் திறப்பது. குறித்த மட்டத்துக்கு மேல் வந்த நீர் கல் வான் வழியே வழிந்து அடுத்த குளத்துக்குப் போகும். அங்கும் நிறைந்தால் அதற்கடுத்த குளத்துக்குப் போகும். இப்படி ஒரு மாலையிற் கோத்த மணிகள் போலக் குளங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்திருந்தன. மேற்குளம் உடைந்தால் கீழ்க்குளங்களும் ஆபத்துக்குள்ளாகும் என்பதை அக்காலத்தவர் அறிந்திருந்தனர்.

ஈண்டு ஒரு வழக்கத்தைக் குறிப்பிட வேண்டும். வன்னியிலே பல குளக்கட்டுக்களிற் பிள்ளையாரோ ஐயனாரோ கோயில் கொண்டிருப்பதைக் காணலாம். மாலை தோறும் அங்கு ஒருவர் சென்று விளக்கேற்றுவார். தெய்வம் குளத்தைக் காக்கிறது என்பது கமக்காரனின் நம்பிக்கை. நாம் கருதுவது யாதெனில், விளக்கேற்றப் போகின்றவர் கட்டின் மேலே நடந்தே போகவேண்டும். நடக்கும்போது எங்கே மண் சரிந்திருக்கிறது, எங்கே கறையான் புற்று எழுந்திருக்கிறது, எங்கே கட்டின் கீழ்ப்புறம் ஈரம் கசிகிறது என்பன அவர் கண்ணிற் படாமல் இரா. எனவே நாள் தவறாமல் விளக்கு எரிந்த குளம், நாள் தவறாமல் ஒரு மனிதக் கண் பார்த்த குளமுமாகும்.

கந்தளாயின் கதை

கிழக்கிலங்கைத் தமிழ் மக்கள் குளம் என்றவுடனே நினைப்பது கந்தளாயை. அக்குளத்தைக் குளக்கோட்டு மன்னன் பூதங்களைக் கொண்டு கட்டுவித்துத் திருக்கோணேச்சரத்துக்கு நெல் விளைவிக்க வயல்களைக் கொடுத்தான் என்பது கோணேசர் கல்வெட்டு முதலிய நூல்கள் வழிவந்த ஐதிகம். கோயிலை அழிக்க வந்த கயவாகு மன்னன் வழியிற் கண்ணொளி இழந்து, இவ்விடத்திலே கண் தழைக்கப் பெற்றமையாற் கந்தளாய் என்ற பெயர் வந்தது என்றும் கூறுவர். வமிசகதை வழி நோக்கும் ஆசிரியர்கள் இக்குளத்தை 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட இரண்டாம் அக்கபோதி காலத்ததென்பர். 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு அதனைத் திருத்தினான். எலகரையிலிருந்து அம்பன் கங்கை நீர், மின்னேரி வழியாகக் கந்தளாய் வரை வந்து சேரும்படி நீண்ட கால்வாய்கள் பண்டே வெட்டப்பட்டிருந்தன.

கந்தளாயிலே பிராமணர் வாழ்ந்த சதுர்வேதிமங்கலம் ஒன்று இருந்தமையை அவ்விடத்துத் தமிழ்ச் சாசனங்கள் காட்டுகின்றன. குளத்தின் கீழே தம்பலகாமத்து வயல்கள் பரந்து கிடக்கின்றன. 17ஆம் நூற்றாண்டிலே போர்த்துக்கீசர் திருக்கோணமலைக் கோயிலைத் தகர்த்தபின், ஆதிகோணேசர் கோயில் தம்பலகாமத்தில் எழுந்தமையும் இவ்வயல்களின் வளத்தோடு தொடர்புடையதே. ஒரு குளத்து நீரை நம்பி ஒரு கோயிலும், ஒரு ஊரும், நூற்றுக்கணக்கான குடும்பங்களும் வாழ்ந்தன என்றால் அது மிகையன்று.

இவ்வூர்ப் பெயர்களை நாம் இங்கு விரித்தமைக்குக் காரணம் உண்டு. இதே குளத்தின் கீழே, நமது காலத்தில், வேறொரு சம்பவம் நிகழ்ந்தது. அதனைப் பின்னர் கூறுவோம்.

காவல் தளர்ந்த காலம்

பண்டைக்காலத்திற் குளம் காப்பது ஊரார் கடமை. ஆண்டுக்கு இத்தனை நாள் கட்டுக்கு மண் போடவேண்டும், வாய்க்கால் வெட்டவேண்டும் என்ற நியதி இருந்தது. ஆங்கிலேயர் ஆட்சியிலே, கோல்புறூக் செய்த சிபார்சின்படி 1832ஆம் ஆண்டில் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. கட்டாய வேலையென்னும் கொடுமை ஒழிந்தமை நன்றே. ஆனால் அதனோடு குளத்துக்கு மண் போடும் வழக்கமும் பல இடங்களில் ஒழிந்தது. முன்னரே பாழடையத் தொடங்கியிருந்த குளங்கள் மேலும் பாழாயின. கட்டிலே மரம் முளைத்தது. மரத்தின் வேர் வழியே நீர் கசிந்தது. உடைந்த கட்டை அடைப்பாரில்லை.

இக்குறையை உணர்ந்த அரசாங்கத்தார் 1856ஆம் ஆண்டில், தேசாதிபதி ஹென்றி வார்ட் காலத்தில், நெற்காணி நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் ஒன்றை இயற்றிப் பழைய வழக்கங்களைச் சட்டத்தின் துணைகொண்டு மீட்டனர். வட்டவிதானை என்னும் உத்தியோகத்தர் ஊர்தோறும் அதிகாரம் பெற்றார். துருசு திறப்பதும், வாய்க்கால் துப்புரவு செய்விப்பதும், கட்டிலே ஊறு நேர்ந்தால் ஊரைக் கூட்டுவதும் அவர் கடமை. மழைக்காலத்து இரவிலே அவர் லாந்தரும் மண்வெட்டியுமாகக் கட்டில் நின்றார் என்று பெரியோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். அவர்கள் எல்லோரும் நல்லவர்கள் என்று நாம் சாதிக்க வரவில்லை. தமக்கு வேண்டியவர் வயலுக்கு முந்தித் தண்ணீர் விட்டவர்களும் இருந்தனர். எனினும், வெள்ளம் வருமாயின் அவருடைய வீடும் அதே கட்டின் கீழே இருந்தது. அறிவிக்க வேண்டியவரும் ஆபத்துக்குள்ளாகுபவரும் ஒருவரே.

1900ஆம் ஆண்டில் நீர்ப்பாசனப் பகுதி தனியாக நிறுவப்பட்டது. பெரிய குளங்கள் எஞ்சினியர் கையில் வந்தன. வன்னியிலே கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுக் குளம் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுந்தது. 1936ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துச் சன நெருக்கத்தையும் வேலையில்லாக் கஷ்டத்தையும் குறைப்பதற்காகக் கிளிநொச்சியிலே குடியேற்றம் தொடங்கியது. காடு வெட்டி, மலேரியாவோடு போராடி, அக்குடியேற்றவாசிகள் வயல் ஆக்கினர். அவர்கள் பெற்ற காணி குளத்தின் கீழே கிடந்த காணி. வேறு எங்கே கொடுப்பது? நீர் பாயும் இடமே வயல். வயல் இருக்கும் இடமே வீடு.

1957 மார்கழி

1957ஆம் ஆண்டு மார்கழி மாதக் கடைசியில், நத்தார் நாட்களை ஒட்டி, வரண்ட பிரதேசம் முழுவதும் பெய்த மழை நமது நாட்டுச் சரித்திரத்திற் குறிக்கத்தக்கது. காலபோகப் பயிர் வயலில் நின்றது. குளங்களோ நிறைந்திருந்தன. நிறைந்த குளத்தின் மேல் பெருமழை பெய்தால் விளைவு என்னாகும் என்பதை நாடு அப்போது கண்டது. அநுராதபுரத்துக்கு மேலேயுள்ள நாச்சதுவைக் குளத்தின் கட்டு உடைந்தது. அடுத்த ஆண்டில் அது திருத்தப்பட்டது. வேறு பல குளங்களும் உடைந்தன. பாதைகளும் பாலங்களும் அறுந்தன. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர், இலட்சக்கணக்கானோர் வீடுவாசல் இழந்தனர். அயல்நாடுகளும் உதவிக்கு வந்தன. அமெரிக்கக் கடற்படையின் பிறின்ஸ்ரன் என்னும் கப்பலிலிருந்து 1958ஆம் ஆண்டு தொடக்கத்திலே கெலிகொப்டர்கள் புறப்பட்டு, நீர் சூழ்ந்த கிராமங்களுக்கு உணவு கொண்டு சென்றன.

அந்த மழையிலே குளங்கள் உடைந்தமை பற்றி இரண்டு உண்மைகளைக் கவனிக்க வேண்டும். ஒன்று, உடைவு மேலிருந்து கீழே சங்கிலி போலத் தொடர்ந்தது. மாலையிற் கோத்த மணிகள் என்று முன்னே கூறினோம். நூல் அறுந்தால் மணிகள் யாவும் சிதறும். மற்றொன்று, பல ஊர்களில் நீர் வந்த பின்னரே நீர் வருகிறதென்ற செய்தி வந்தது. தந்திக் கம்பி முதலில் விழுந்தது. பாதை அடுத்து மறைந்தது. செய்தி கொண்டுவருபவன் நீரை முந்த இயலாது போயிற்று.

அடுத்த ஆண்டில், அதாவது 1958இல், நெற்காணிச் சட்டம் நிறைவேறியது. அதன்படி வட்டவிதானை முறை ஒழிந்து, பயிர்ச்செய்கைக் குழுக்கள் அமைந்தன. குத்தகைக் கமக்காரனுக்கு நீதி வழங்க எழுந்த சட்டம் அது. அதன் நோக்கத்தை நாம் குறை கூறோம். ஆனால் லாந்தர் பிடித்துக் கட்டில் நிற்கும் கடமை யாருடையது என்ற வினாவுக்கு, அதன்பின் ஊர்தோறும் ஒரே விடை இருக்கவில்லை.

பெரிய அணைகள்

பின்னர் வந்த காலம் பெரிய அணைகளின் காலம். மகாவலி கங்கை 335 கிலோமீற்றர் நீளமானது. மலைநாட்டிற் பிறந்து கொட்டியாரக் குடாவில் கடலோடு கலப்பது. பொல்கொல்லை 1976இலும், கொத்மலையும் விக்டோறியாவும் 1985இலும், ரந்தெனிகலை 1986இலும், ரன்ரம்பை 1990இலும் அதனையும் அதன் கிளையாற்றையும் மறித்து எழுந்தன. விக்டோறியா அணை 122 மீற்றர் உயரமானது. அதன் எட்டு வான்கதவுகளும் நீர் குறித்த மட்டத்தை அடைந்ததும் எதிர்ப்பாரத்தின் உதவியாலே தாமாகத் திறக்கும்படி அமைக்கப்பட்டவை. மின்சாரம் நின்றாலும், காவலாளி அயர்ந்தாலும், அணை உடையாதிருக்க அது நல்ல ஏற்பாடு.

ஆனால் அணையைக் காக்கின்ற ஏற்பாடு வேறு; ஊரைக் காக்கின்ற ஏற்பாடு வேறு. கதவு திறப்பது அணைக்குப் பாதுகாப்பு. திறக்குமுன் சொல்வது ஊருக்குப் பாதுகாப்பு. முதலாவது எஞ்சினியர் செய்யும் வேலை. இரண்டாவதோ பல கைகள் மாறிச் செல்லவேண்டிய வேலை. அணையிலிருந்து காரியாலயத்துக்கும், காரியாலயத்திலிருந்து கச்சேரிக்கும், கச்சேரியிலிருந்து கிராம உத்தியோகத்தருக்கும், அவரிடமிருந்து ஆற்றோரக் குடிசைக்கும் செய்தி போய்ச் சேரவேண்டும். நான்கு கையில் ஒரு கை சோர்ந்தாலும் குடிசைக்குச் செய்தி இல்லை.

அணைகள் வெள்ளத்தைக் குறைத்தன என்பதையும் நாம் மறைக்கலாகாது. சாதாரண மழைகளை அவை தம்முள் அடக்கிக்கொள்கின்றன. முன்னர் ஆண்டுதோறும் மூழ்கிய பள்ளக்காணி பத்து ஆண்டுக்கு ஒருமுறையே மூழ்குகிறது. ஆயின் இந்நன்மையே ஒரு தீமைக்கும் வித்தாகிறது. பத்து ஆண்டு நீர் வராத இடத்தில் மக்கள் குடில் கட்டுகின்றனர், பின் கல்வீடு கட்டுகின்றனர், பள்ளிக்கூடமும் வருகின்றது. ஆறு தன் பழைய படுக்கையை மறப்பதில்லை. மறப்பவர்கள் நாமே. பதினோராம் ஆண்டில் ஆறு திரும்பி வரும்போது, அங்கே நமது அடுப்படி இருக்கின்றது.

1986 சித்திரை

முன்னர் நிறுத்திய கந்தளாய்க் கதைக்கு இப்போது வருவோம். 1986ஆம் ஆண்டு ஏப்பிரில் 20ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை. சித்திரைப் புத்தாண்டு கழிந்து ஒரு வாரம். மாரிகாலமன்று, பெருவெள்ளமும் இல்லை. அதிகாலை 3 மணியளவிலே, ஆயிரம் ஆண்டுக்கு மேலாக நின்ற கந்தளாய்க் குளக்கட்டு உடைந்தது. 14,000 அடி நீளமும் 50 அடி உயரமுமான கட்டு அது. உறக்கத்திலிருந்த ஊர்களின் மேல் நீர் சுவர்போல எழுந்து வந்தது. இறந்தோர் தொகையை 120 முதல் 180 வரை பலவாறாகக் கூறுவர். 1,600க்கு மேற்பட்ட வீடுகள் அழிந்தன. 2,000 ஏக்கர் வயல் பாழாயிற்று. 8,000க்கு மேற்பட்ட குடும்பங்கள் பாதிக்கப்பட்டன.

கட்டின் மேலே மிகப் பாரமான வாகனங்கள் ஓட்டப்பட்டமை உடைவுக்கு ஒரு முக்கிய காரணமெனக் கூறப்பட்டது. மாட்டு வண்டிக்கும் மனித நடைக்குமெனக் கட்டப்பட்டதன் மேல் யந்திர யுகம் ஏறிற்று. கட்டு பின்னர் புதுப்பிக்கப்பட்டது.

கந்தளாய் நமக்குக் கற்பிப்பது யாது? வெள்ளம் என்றால் மாரியில் மட்டும் அஞ்சவேண்டியது என்று நினைத்திருந்தோம், அது தவறு. அணையின் கீழே வாழ்பவனுக்கு ஆபத்து வானத்திலிருந்து மட்டும் வருவதில்லை. கட்டின் உள்ளிருந்தும் வரும். அன்றியும், நீர் சிங்களவர் வீடு, தமிழர் வீடு, முஸ்லிம் வீடு என்று பார்த்து நுழைவதில்லை. இனக்கலவரத்தால் நாடு பிளவுண்டிருந்த அந்த ஆண்டிலே, இவ்வுண்மையை நீர் எல்லோருக்கும் ஒரே மொழியிற் சொல்லிற்று.

நிறைகுளத்தின் தர்மசங்கடம்

"மழை வருமெனத் தெரிந்தால் முன்னதாகவே கதவைத் திறந்து குளத்தைக் குறைத்து வைக்கலாமே, ஏன் கடைசி நேரத்தில் திறந்து ஊரை மூழ்கடிக்கிறார்கள்?" என்று வெள்ளம் வடிந்தபின் எல்லோரும் கேட்பர். கேள்வி நியாயமானது. விடை அவ்வளவு எளிதன்று.

குளத்தை மேற்பார்ப்பவரின் நிலையிலிருந்து எண்ணிப் பார்ப்போம். மார்கழிக் கடைசியிற் குளம் நிறைந்திருந்தாலே சிறுபோகத்துக்கு நீர் உண்டு. வெளியேறிய நீர் கடலுக்குப் போனால் திரும்பி வராது. எதிர்பார்த்த மழை பெய்யாவிடில், சித்திரை மாதத்திலே கமக்காரர் அவர் வாசலில் வந்து நின்று, "எங்கள் தண்ணீரை ஏன் கடலுக்கு விட்டாய்?" என்று கேட்பர். திறந்தமையாற் பிழைத்த உயிர்களை ஒருவரும் எண்ணுவதில்லை; திறந்தமையாற் காய்ந்த வயலை எல்லோரும் எண்ணுவர். ஆகவே அவர் கை கதவின் மேல் தயங்குகிறது. இத்தயக்கத்தை வெறும் அசட்டை என்று தள்ளிவிடுதல் நீதியன்று.

மற்றப் பக்கத்தில் கணக்கு உண்டு. கணக்கு தயங்குவதில்லை. 100 சதுர மைல் ஏந்து பரப்புள்ள ஒரு குளத்தை வைத்துக்கொள்வோம். அப்பரப்பிற் பெய்த ஓரங்குல மழை முழுவதும் குளத்துக்கு வந்தால் அது ஏறக்குறைய 5,300 ஏக்கர் அடி நீர். ஒரே இரவிற் பத்து அங்குலம் பெய்தால் 53,000 ஏக்கர் அடி. வான்கதவு வழியாகச் செக்கனுக்கு 10,000 கன அடி விட்டாலும், ஒரு நாளில் வெளியேறுவது ஏறக்குறைய 20,000 ஏக்கர் அடியே. நிலமும் சிறு குளங்களும் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்ளும் என்பது மெய். ஆயினும் மாரிக் கடைசியிலே நிலமும் ஊறிக் கிடக்கும், சிறு குளங்களும் நிறைந்து நிற்கும். எனவே குளம் ஏற்கெனவே நிறைந்திருந்தால், வருவதை வந்தபடியே விடுவதன்றி வேறு வழியில்லை. முதல் நாளே சிறிது சிறிதாக விட்டிருந்தால், கீழே வயல் நனைந்திருக்கும். கடைசி நேரத்தில் விட்டால் வீடு மிதக்கும்.

நமது நாட்டு வெள்ளங்களின் திகதிகளை நோக்குங்கள். 1957 மார்கழிக் கடைசி. 2018 டிசம்பர் 21. 2025 நவம்பர்க் கடைசி. மாரியின் பிற்கூற்றிலே, நிலம் ஊறி, குளங்கள் நிறையும் தறுவாயிலேயே பெரிய அடி விழுகின்றது. இது தற்செயல் என்று கொள்வது மடமை.

அண்மைய வெள்ளங்கள்

2018ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆந் திகதி இரவு கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகளிற் பெய்த பெருமழையால் இரணைமடுக் குளத்துக்கு நீர் திரண்டு வந்தது. புனரமைக்கப்பட்ட குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டன. கீழேயிருந்த கிராமங்கள் இரவோடிரவாக நீரில் மூழ்கின. பல்லாயிரம் பேர் பொது இடங்களில் தஞ்சம் புகுந்தனர். யுத்தத்தில் ஒருமுறை எல்லாம் இழந்து, மீண்டு வந்து கட்டிய வீடுகள் அவை. கதவுகள் நேரகாலத்தோடு திறக்கப்பட்டனவா என்ற வினா எழுந்தது. விசாரணைக் குழுவும் நியமிக்கப்பட்டது.

இதேபோன்ற வினா மூன்று ஆண்டுக்கு முன்னர் கடலுக்கு அப்பாலும் எழுந்தது. 2015ஆம் ஆண்டு டிசம்பர் மாதத் தொடக்கத்திலே சென்னைக்கு மேற்கேயுள்ள செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து செக்கனுக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டது. அடையாற்றின் இரு கரையிலும் மக்கள் கூரைமேல் ஏறி நின்றனர். பின்னர் இந்தியக் கணக்காய்வாளரின் அறிக்கை அதனை மனிதராலான அனர்த்தம் என்றே குறித்தது. பட்டணமானால் என்ன, பட்டிக்காடானால் என்ன, கட்டின் கீழ் வாழ்வோர் கேட்கும் கேள்வி ஒன்றே: "எங்களுக்கு ஏன் முன்னதாகச் சொல்லவில்லை?"

2025ஆம் ஆண்டு நவம்பர் மாதக் கடைசியில் டித்வா என்னும் சூறாவளி நமது நாட்டைக் கடந்தது. மலைநாட்டிலே மண்சரிந்து மாண்டவர்கள் பலர். நாடு முழுவதும் இறந்தோர் தொகை 600ஐத் தாண்டியது. மலையிற் பெய்த மழை மகாவலி வழியே இறங்கி வந்து, கொட்டியாரப் பகுதியை அடைந்தது. மாவிலாற்று அணைக்கட்டு உடைந்தது. மூதூர், சேருவிலை, வெருகல் மக்கள் வீடுவிட்டு வெளியேற நேர்ந்தது. 2006ஆம் ஆண்டில் இதே மாவிலாற்றின் கதவு மூடப்பட்டமையே பெரும் போருக்குத் தொடக்கமாயிற்று. அன்று நீர் வராமையால் அழுத ஊர்கள், இன்று நீர் வந்தமையால் அழுதன. கடைக்கோடியில் வாழ்பவனுக்குக் கதவு திறந்தாலும் துன்பம், மூடினாலும் துன்பம். கதவு அவன் கையில் இல்லை என்பதே அவன் துன்பத்தின் வேர்.

வெள்ள இரவில் கீழூர் எப்படியிருக்கும் என்பதை அனுபவித்தவர் வாயிலாக நாம் கேட்டறிந்தவற்றுட் சிலவற்றைக் கூறுவோம். முதலில் மாறுவது ஆற்றின் நிறம். செம்மண் கலந்த தடித்த நீர் வரும். அடுத்து மாறுவது ஓசை. வான் பாயும் இரைச்சல் தூரத்தே கேட்டுக்கொண்டேயிருக்கும், அது திடீரெனக் கனக்கும். பாம்பும் எலியும் ஒரே மரத்தில் ஏறும். தாய்மார் முதலில் எடுப்பது பிள்ளையை. அடுத்து எடுப்பது அடையாள அட்டையும் காணி உறுதியும். அதற்கடுத்து விதை நெல். கட்டிய மாட்டின் கயிற்றை அறுத்துவிட மறந்தவர்கள், ஆண்டு பல சென்றும் அதைச் சொல்லி வருந்துகின்றனர். வயோதிபர் சிலர் வரமாட்டோம் என்று அடம் பிடிப்பர். "57இலே கூட இந்தத் திண்ணைக்குத் தண்ணீர் ஏறவில்லை" என்பர். பழைய வெள்ளத்தின் ஞாபகமே சில வேளை புதிய வெள்ளத்துக்கு இரையாக்கி விடுகின்றது.

முடிவுரை

இதுவரை கூறியவற்றாற் பெறப்படுவது யாது? அணைகள் வேண்டாம் என்று நாம் கூறவில்லை. குளமின்றி இப்பிரதேசத்தில் வாழ்வில்லை. எஞ்சினியரையும் உத்தியோகத்தரையும் பழிப்பதும் நமது நோக்கமன்று. குளத்தைக் காத்தல் ஒரு கலை. ஊருக்குச் சொல்லுதல் மற்றொரு கலை. முதற் கலை ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்திருக்கின்றது. இரண்டாவது கலையிலோ, லாந்தர் பிடித்து நின்ற வட்டவிதானை காலத்தை விட நாம் எவ்வளவு முன்னேறியிருக்கிறோம் என்பதை ஒவ்வொரு வெள்ளமும் பரீட்சித்துப் பார்க்கின்றது. கைத்தொலைபேசி எல்லோர் மடியிலும் இருக்கின்றது. ஆயினும் நள்ளிரவிலே மின்சாரம் நின்று, கோபுரமும் செயலற்றபின், கதவைத் தட்டி எழுப்ப ஒரு மனிதனே வேண்டும்.

வாலிபர்கள் செய்யக்கூடியவை சில உண்டு. வெள்ளம் எவ்வளவு உயர்ந்தது என்பதை ஊர்ப் பள்ளிக்கூடச் சுவரிலோ கோயில் மதிலிலோ ஆண்டுடன் குறித்து வைக்கலாம். "திண்ணைக்கு ஏறாது" என்பவருக்கு அக்குறியே விடை சொல்லும். நடக்க இயலாதவர், கண் தெரியாதவர், தனித்து வாழும் மூதாட்டியர் வீடுகளை முன்கூட்டியே எழுதி வைத்து, இன்ன வீட்டுக்கு இன்னார் என்று பொறுப்பு வகுத்துக்கொள்ளலாம். குளத்தின் நீர்மட்டத்தை மாரிகாலத்திலே நாள்தோறும் கேட்டறிந்து ஊர்ச் சந்தியில் எழுதி வைக்கலாம். 1957ஐயும் 1986ஐயும் கண்ட முதியோர் இன்னும் சிலர் இருக்கின்றனர்; அவர்கள் கூறுவதைக் கேட்டு எழுதி வைக்கலாம். இவற்றுக்குப் பெரும் பணம் வேண்டியதில்லை.

கட்டுவித்த மன்னர் பெயரைச் சரித்திரம் காத்துக்கொண்டது, இனியும் காக்கும். கட்டின் கீழே வாழ்ந்து, நீரால் வளர்ந்து, நீரால் மாண்ட மக்களின் பெயர்களை நாமே எழுதவேண்டும். மாலைதோறும் குளக்கட்டில் விளக்கேற்றப் போன அந்தப் பெயர் தெரியாத மனிதர், தாம் ஏற்றிய விளக்கினும் பெரிய காவலைச் செய்தார். அவர் நடந்த கட்டிலே இன்றைக்கு யார் நடக்கின்றார் என்பதே, அடுத்த மாரிக்கு முன் நாம் ஒவ்வொருவரும் நமது ஊரிலே கேட்கவேண்டிய கேள்வி.